இருகுடி மனையில் ஒரு தனிப்பூட்டு

(தமிழாசிரியரும் ஏடெழுதுவோரும் கூடிய அவையொன்றில் நிகழ்த்திய உரை)



யான் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் உங்களுட் சிலர் புருவம் நெறித்திருப்பீர்கள். புணரியலும் அணியியலும் கற்பிப்பவன் கணிப்பொறியின் வட்டைப் பூட்டுவது பற்றி என்ன பேசப் போகிறான் என்று எண்ணியிருப்பீர்கள். அன்பர்களே, நம் எழுத்தும் சொல்லும் இற்றைநாளில் எங்கே குடியிருக்கின்றனவோ, அங்கே காவல் உளதா இலதா என்று பார்ப்பதும் தமிழாசிரியன் வேலைதான். முன்னாளில் சுவடியைப் பட்டுத்துணியிற் பொதிந்து பெட்டியில் வைத்தோம். இன்று முப்பதாண்டுச் சொற்றொகுப்பு உள்ளங்கை அகலமுள்ள வட்டொன்றில் கிடக்கிறது. பேருந்தில் மறந்துவிட்டு இறங்கினால் அவ்வளவும் போயிற்று. போவதோடு நில்லாமல், எடுத்தவன் கைக்கும் போய்ச் சேர்ந்தது.

நம்மிற் பலருடைய மடிக்கணினியில் இரண்டு இயங்குதளங்கள் இருக்கின்றன. 2011-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு மாணவர்க்கு விலையின்றி வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளிலும் விண்டோசும் இலினக்சும் ஒருங்கே இருந்தமையைப் பள்ளியாசிரியர் பலர் அறிவர். ஏன் இரண்டு? இலினக்சு நமக்கு உகந்தது. 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் இலினசு தோர்வால்சு தொடங்கிய அதன் கருவை யார் வேண்டுமாயினும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் கொடுக்கலாம். ஆயினும் விண்டோசை அறவே துறக்க முடியாத நிலையும் நமக்கு உண்டு. 1999-இல் அரசு அறிவித்த எழுத்துருக் குறியீட்டு முறைகளிலும், அதற்கு முன்னர் அச்சகத்துக்கு ஒன்றாய் வழங்கிய முறைகளிலும் அடித்து வைத்த பழைய நூற்கோப்புகளும், அவற்றைப் பக்கம் கட்டிய மென்பொருள்களும் விண்டோசிற்றான் ஒழுங்காக எழுந்து நிற்கின்றன. ஒருங்குறியை 2010-இல் அரசு ஏற்ற பின்னரும் அப்பழைய கோப்புகள் தாமே மாறிக்கொள்ளவில்லை. ஆகவே ஒரே மனையில் இரு குடிகள். கதவு ஒன்று, கூடம் இரண்டு.

இங்கேதான் ஒரு பெரும் மயக்கம் நம்மிடையே நிலவுகிறது. கணினியைத் தொடங்கும்போது கடவுச்சொல் கேட்கிறதே, அதுவே பூட்டு என்று பெரும்பாலார் நம்புகின்றனர். அது பூட்டன்று. திண்ணையில் அமர்ந்திருக்கும் காவற்காரன் அவன். வாயில் வழி வருவாரை மட்டும் வினவுவான். சுவரைப் பெயர்த்து வருவானைக் கண்டுகொள்ளான். விரலி ஒன்றில் வேறோர் இலினக்சை ஏற்றி, அவ்விரலியிலிருந்து உங்கள் கணினியைத் தொடங்குகிறான் ஒருவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில மணித்துளிகளில் உங்கள் கோப்புகள் அனைத்தும் அவன் முன்னே விரிந்துவிடும். உங்கள் கடவுச்சொல்லை ஒருவரும் கேளார். வட்டைத் திருகாணி நீக்கி எடுத்து வேறொரு கணினியிற் செருகினாலும் இதுவே நிகழும்.

அவ்வட்டில் இருப்பது உங்கள் கட்டுரை மட்டுமாயின் போகட்டும் என்று விடலாம். ஓர் ஆசிரியரின் கணினியில் மாணவர் பெயர், பிறந்தநாள், ஆதார் எண், பெற்றோரின் தொலைபேசி எண், பெண்பிள்ளைகளின் ஒளிப்படம் ஆகிய எல்லாம் இருக்கின்றன. இதழ் நடத்துவோர் கணினியில் உறுப்பினர் முகவரிகளும், அவர்கள் நம்பி எழுதிய மடல்களும் இருக்கின்றன. அவை நம் உடைமைகள் அல்ல. நம்மிடம் அடைக்கலமாக வைக்கப்பட்டவை. அடைக்கலப் பொருளைத் திறந்த கூடத்தில் போட்டுவைக்க நமக்கு என்ன உரிமை?

இதற்குரிய மருந்து, வட்டில் எழுதப்படும் ஒவ்வோர் எழுத்தையும் திறவின்றிப் படிக்கவொண்ணாத வடிவிற்கு மாற்றியே எழுதுவதாகும். இதனைக் 'குறியாக்கம்' என்று எழுதுவார் உளர். அகரத்துக்கு இன்ன எண், ககரத்துக்கு இன்ன எண் என்று கொடுக்கும் ஒருங்குறி வேலைக்கும் அச்சொல்லே வழங்குகிறது. ஒன்று எல்லார்க்கும் தெரிவிப்பதற்காகச் செய்வது; மற்றொன்று ஒருவர்க்கும் தெரியாதிருக்கச் செய்வது. எதிரெதிரான இரு வினைக்கு ஒரு சொல் பொருந்துமா? 'மறையாக்கம்' என்பதே தெளிவு. ஆசிரியப் பெருமக்கள் வகுப்பறையில் இவ்வேறுபாட்டைப் பேணவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மறையாக்கக் கலையின் அடிக்கல்லை நாட்டியோருள் ஒருவர் மொழியாசிரியர் என்றால் வியப்பீர்கள். நெதர்லாந்தில் 1835-இல் பிறந்து, பாரிசு நகரில் செருமானிய மொழி கற்பித்து வாழ்ந்தவர் ஓகுசுட்டு கெர்க்கோப்சு. 1883-இல் படைத்துறை இதழொன்றில் அவர் எழுதிய கட்டுரையில் ஒரு கருத்தை நிலைநாட்டினார். பூட்டின் அமைப்பு பகைவன் கையிற் கிடைத்தாலும் கேடு வரலாகாது. மறைவாக இருக்கவேண்டியது திறவு ஒன்றே என்பது அக்கருத்து. (இவரே வோலாபூக்கு என்னும் செயற்கை மொழியைப் பரப்ப அரும்பாடுபட்டவரும் ஆவார். அம்மொழி பிழைக்கவில்லை, பூட்டுப் பற்றிய கருத்து இன்றும் வாழ்கிறது. இயற்கை மொழியே நிலைக்கும் என்பார்க்கு ஒரு சான்று கிடைத்தது என்க!)

அக்கருத்தின் வழியே வந்ததுதான் இன்று உலகெங்கும் வழங்கும் மறையாக்க முறை. 1997-இல் அமெரிக்கச் செந்தர நிறுவனம் வெளிப்படையாகப் போட்டி வைத்தது. 15 முறைகள் களத்தில் நின்றன. அவற்றின் அமைப்பை எல்லார்க்கும் காட்டி, உடைக்க வல்லார் உடைத்துப் பார்க்கலாம் என்று விட்டனர். பெல்சிய நாட்டார் இருவர் வகுத்த 'ரைன்டால்' என்னும் முறை வென்று, 2001-இல் செந்தரமாயிற்று. இதில் மறைத்து வைத்த சூழ்ச்சி ஏதுமில்லை. கல்லூரி மாணவனும் அதன் ஒவ்வொரு படியையும் ஏட்டில் எழுதிப் பார்க்கலாம். விண்டோசின் பூட்டாகிய பிட்லாக்கரும் இதனையே ஆள்கிறது. இலினக்சின் பூட்டாகிய 'இலக்சு' முறையும் பொதுவாக இதனையே ஆள்கிறது. இரும்பு ஒன்றே. அப்படியாயின் வேறுபாடு எங்கே? திறவுகோல் எங்கே கிடக்கிறது என்பதில்.

2007-இல் விண்டோசு விச்தாவுடன் வெளிவந்த பிட்லாக்கர், பெரும்பாலான மடிக்கணினிகளில் கணினிக்குள்ளேயே பொருத்திய காப்புச் சில்லு ஒன்றில் திறவைப் பொதிந்து வைக்கிறது. கணினி மாறாதிருக்கும் வரை அச்சில்லே திறந்துவிடும். ஏதேனும் மாறியது என்று ஐயுற்றால், 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவைக் கேட்கும். அம்மீட்புத் திறவு எங்கே? மைக்ரோசாப்டுக் கணக்கின்வழிக் கணினியை அமைத்திருந்தால் அந்நிறுவனத்தின் கணக்கில் ஒரு படி போய் இருக்கும். 2024-இல் வந்த விண்டோசு 11-இன் 24எச்2 பதிப்பு முதல், புதிதாக நிறுவும் கணினிகளிற் பலவற்றில் இப்பூட்டு கேளாமலேயே விழுந்துவிடுகிறது. தம் வீடு பூட்டியிருப்பதும், ஒரு திறவு அயலார் ஒருவரிடம் இருப்பதும் வீட்டுக்காரர்க்கே தெரியாத நிலை!

இலக்சு முறை வேறு. அதன் அமைப்பு அழகியது. சற்று விரித்துச் சொல்கிறேன். வட்டை மறைக்கும் முதன்மைத் திறவை இயந்திரமே தாறுமாறாக ஆக்கிக்கொள்கிறது. அதனை நாம் காண்பதில்லை. அத்திறவைச் சிறு பேழை ஒன்றில் இட்டு, நாம் தரும் கடவுத்தொடரால் அப்பேழையைப் பூட்டுகிறது. இத்தகைய பேழைகள் பல இருக்கலாம். பழைய பதிப்பில் 8, இப்போதைய பதிப்பில் 32 வரை. ஒவ்வொரு பேழைக்கும் வேறு வேறு கடவுத்தொடர். உள்ளே இருப்பது ஒரே திறவு. ஆகவே கடவுத்தொடரை மாற்ற வேண்டின் வட்டு முழுவதையும் மீண்டும் எழுத வேண்டியதில்லை. பேழையை மட்டும் மாற்றினாற் போதும். கடவுத்தொடரிலிருந்து பேழைக்குரிய திறவைக் கடையும் வேலையை வேண்டுமென்றே மெதுவாகவும் மிகுந்த நினைவகம் கொள்வதாகவும் அமைத்துள்ளனர். நமக்கு ஓரிரு நொடி தாழ்க்கும். கோடிக்கணக்கில் சொற்களை மாற்றி மாற்றி முயல்வானுக்கு அத்தாழ்வே மலையாய் நிற்கும்.

இனி, இருகுடி மனையில் இப்பூட்டை எப்படி இடுவது? தனிக்குடி மனையாயின் எளிது; 'வட்டு முழுதும் அழித்து மறையாக்கத்துடன் நிறுவு' என்று சொன்னால் வேலை முடிந்தது. இருகுடியில் அப்படிச் சொன்னால் அண்டைக் குடி அடியோடு அழியும். 2022-இல் வந்த உபுண்டு 22.04-இன் நிறுவியில், மறையாக்கத்தை முழு வட்டையும் அழிக்கும் வழியிற்றான் எளிதாகத் தேர முடிந்தது. விண்டோசின் பக்கத்தில் நிறுவும் வழியில் அது தரப்படவில்லை. அதனாற் பலர் பூட்டே வேண்டா என்று விட்டனர். சிலர் விண்டோசை அழித்துவிட்டுத் திகைத்தனர். யான் தெபியனைப் பரிந்துரைக்கிறேன். அதன் நிறுவியில், வட்டுக்கூறுகளைக் கையாலேயே பிரிக்கும் வழியில் மறையாக்கக் கூற்றை நாமே அமைக்கலாம்.

ஆனால் நிறுவியைத் தொடுமுன் அண்டை வீட்டு வேலைகளை முடித்தாக வேண்டும். முதற்கண், விண்டோசில் இருக்கும் கோப்புகளை வெளிவட்டு ஒன்றில் படியெடுங்கள். இதனைச் செய்யாதார் மேற்கொண்டு என் பேச்சைக் கேளாதிருப்பதே நன்று. அடுத்து, அங்கே பிட்லாக்கர் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் அந்த 48 இலக்கங்களையும் தாளில் எழுதுங்கள். கணினிக்குள்ளே எழுதி வைப்பது, திறவுகோலை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது போன்றது. கணினியின் தொடக்க அமைப்புகளில் கைவைக்கும் முன் பிட்லாக்கரை இடைநிறுத்தி வைத்தல் நலம். பின்னர், விண்டோசு 8 காலந்தொட்டு இருந்துவரும் 'விரைவுத் தொடக்கம்' என்பதனை அணையுங்கள். அது கணினியை முற்ற அணைக்காமல் அரைத்தூக்கத்தில் வைக்கிறது. அந்நிலையில் விண்டோசின் கூற்றில் இலினக்சு எழுதப் புகுந்தால் கோப்புகள் கெடும். இலினக்சுக்குரிய இடத்தையும் விண்டோசின் வட்டு மேலாண்மையைக் கொண்டே சுருக்கிப் பெறுங்கள். தன் பாயைத் தானே சுருட்டிக்கொண்டால் அண்டைக்குடிக்கு மனக்குறை இராது.

கிடைத்த வெற்றிடத்தில் இரண்டு கூறுகள் அமைப்போம். ஏறத்தாழ ஒரு கிகாபைட்டு அளவில் சிறு கூறு ஒன்று. இலினக்சின் கருவும் தொடக்கக் கோப்புகளும் அதில் பூட்டின்றி இருக்கும். திறவைக் கேட்பதற்கே ஒருவன் வாயிலில் நிற்கவேண்டும் அல்லவா? எஞ்சிய இடம் முழுவதும் மறையாக்கக் கூறு. அதனைத் திறந்தபின், உள்ளே தடுப்புச் சுவர் எழுப்புவது போல இயங்குதளத்துக்கு ஒன்று, நம் கோப்புகளுக்கு ஒன்று, இடமாற்று நினைவகத்துக்கு ஒன்று எனப் பிரித்துக்கொள்ளலாம். இடமாற்று நினைவகத்தை வெளியே விட்டுவிடாதீர்கள். கணினி தன் நினைவகத்தில் வைத்திருப்பனவற்றை அவ்வப்போது அங்கேதான் இறக்கி வைக்கிறது. அது திறந்து கிடந்தால், பெட்டியைப் பூட்டிவிட்டுப் பெட்டியில் உள்ளவற்றின் பட்டியலைத் திண்ணையில் ஒட்டி வைத்தது போலாகும். கணினியின் தொடக்கக் கூறு விண்டோசு அமைத்ததாகவே முன்னரே இருக்கும். இரு குடிக்கும் அதுவே பொதுவாயில். அதனை அழிக்காமற் பயன்படுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். 'காப்புத் தொடக்கம்' என்னும் ஏற்பாட்டை அணைக்க வேண்டியதில்லை; 2019-இல் வந்த தெபியன் 10 முதல் அது ஒத்துப்போகிறது.

நிறுவும்போதே பூட்டுங்கள் என்பதனை அழுத்திச் சொல்கிறேன். முதலிற் பூட்டின்றிப் பயன்படுத்திவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், வெற்றெழுத்தாய் எழுதிய பழைய கோப்புகளின் சுவடு வட்டில் தங்கிவிடும். இக்காலத்துத் திண்மநிலை வட்டுகளில் மேலெழுதி அழித்தாலும் அச்சுவடு முற்றும் போயிற்று என்று உறுதி கூறவியலாது.

ஒன்றாய்க் குடியிருப்பதில் உரசலும் உண்டு. 2024 ஆகத்துத் திங்களில் வந்த விண்டோசுக் காப்புத் திருத்தம் ஒன்று, இருதளக் கணினிகள் பலவற்றில் இலினக்சைத் தொடங்கவொட்டாமற் செய்தது. கோப்புகள் அழியவில்லை, வாயில்தான் அடைபட்டது. ஆயினும் காரணம் அறியாதார் கலங்கிப்போனார்கள். விரலியில் ஒரு தெபியன் எப்போதும் கையில் இருக்கட்டும்; அதனைக் கொண்டு தொடங்கி, உங்கள் கடவுத்தொடரைத் தந்து, உள்ளே இருப்பனவற்றை மீட்கலாம். சில கணினிகளில், இலினக்சின் தொடக்கப் பட்டியலின் வழியே விண்டோசுக்குப் போனால் பிட்லாக்கர் ஐயுற்று 48 இலக்கம் கேட்கும். கணினியின் சொந்தத் தொடக்கப் பட்டியலிலிருந்து விண்டோசைத் தேர்ந்தால் அத்தொல்லை குறையும்.

இப்பூட்டு எதற்கு உதவாது என்பதனையும் சொல்லியாக வேண்டும். திருடன் படிப்பதைத் தடுக்கும்; அழிப்பதைத் தடுக்காது. விண்டோசிலிருந்து பார்க்கையில் நம் கூறு பொருள் விளங்காத வெற்றிடம் போலத் தோன்றும். வீட்டுப் பிள்ளை ஒருவன் 'வெறுமையாய்க் கிடக்கிறதே' என்று அதனை அழித்துவிடக்கூடும். வீட்டார்க்குச் சொல்லி வையுங்கள். கணினி விழித்திருக்கும்போதும் அரைத்தூக்கத்தில் இருக்கும்போதும் திறவு நினைவகத்திலேயே இருக்கிறது. மின் நின்ற பின்னும் நினைவகச் சில்லில் எழுத்துகள் சில நொடிகள் முதல் சில மணித்துளிகள் வரை தங்குவதனைப் பிரின்சுட்டன் பல்கலைக்கழகத்தார் 2008-இல் செய்து காட்டினர். பயணம் புறப்படும்போது மூடியைச் சாத்தினால் மட்டும் போதாது, முற்ற அணையுங்கள். பூட்டில்லாத தொடக்கக் கூற்றில் ஒருவன் கமுக்கமாகக் கைவைத்து, அடுத்தமுறை நீங்கள் தரும் கடவுத்தொடரைத் திருடவும் கூடும். விடுதி அறையைத் துப்புரவு செய்ய வருவாளைக் காட்டி, 2009-இல் போலந்து நாட்டு ஆய்வாளர் யோவன்னா உருட்கோவ்சுக்கா இதனை விளக்கினார். நம் போன்றார்க்கு வரும் இடர் பெரும்பாலும் பேருந்துத் திருடனும், பழுதுபார்க்கும் கடையில் துருவிப் பார்ப்பானுமே. அவர்களுக்கு இப்பூட்டு மிகை.

கடவுத்தொடர் பற்றித் தமிழர் அவையிற் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. 'தமிழெழுத்திலேயே இடுவோம்' என்று உங்கள் நெஞ்சம் துடிக்கும். என் நெஞ்சமும் துடித்தது. ஆனால் பூட்டைத் திறக்கும் வேளையில் இயங்குதளம் இன்னும் எழவில்லை. தமிழ்99 விசையமைப்பு அது முழுதும் எழுந்த பின்னரே நம் கைக்கு வருகிறது. ஆகவே தமிழ்ச்சொல்லை எடுத்து உரோம எழுத்தில் அடியுங்கள். ழகரத்துக்கு எவ்வெழுத்து, நெடிலுக்கு ஒன்றா இரண்டா என்பதனை ஒருமுறை உறுதிசெய்து மாறாது கடைப்பிடியுங்கள். அடுத்தது அதனினும் தலையாயது. குறளையோ புறப்பாட்டையோ கடவுத்தொடராக்காதீர்கள். தமிழ்ப்புலவன் கணினியை உடைக்க வருவான், 1330 குறளையும் முதலில் இட்டுப் பார்ப்பான். 1330 என்பது இயந்திரத்துக்கு ஒரு பொருட்டன்று.

நல்வழி, கவறு உருட்டுவது. 1995-இல் அர்னால்டு ரெய்ன்கோல்டு என்பார் வகுத்த முறை இது. கவற்றை ஐந்து முறை உருட்டினால் ஐந்திலக்க எண் ஒன்று கிடைக்கும். அப்படி 7776 எண்கள் உண்டு. 7776 சொற்களை வரிசையிட்டு, கவறு காட்டிய எண்ணுக்குரிய சொல்லை எடுக்கவேண்டும். ஆறு சொற்கள் எடுத்தால், முயல்வான் முன்னே நிற்கும் வாய்ப்புகள் இரண்டுக்குப் பின்னே 23 சுழிகள் இட்ட தொகையினும் மிகும். சொற்கள் தொடர்பற்றுத்தான் வரும்: 'நுங்கு, கிளை, உமி, ஏற்றம், பனி, தறி' என்பது போல. (மேடையில் சொல்லிவிட்டமையால் இவ்வாறு சொற்களும் பயனற்றன!) பொருளியைபு தேடிச் சொல்லை மாற்றாதீர்கள், இயைபின்மையே அதன் வலிமை. நம் இளைஞர் நாலைவர் கூடி நற்றமிழ்ச் சொற்கள் 7776-ஐத் தொகுத்து, உரோம எழுத்து வடிவுடன் சிறு நூலாக்கித் தந்தால், அது நாட்டுக்கே பயன்படும். அகரமுதலி வேலையில் பழகிய நமக்கு அது அரியதன்று.

இவ்வளவும் செய்தபின் ஒரு பேரச்சம் எஞ்சுகிறது. கடவுத்தொடரை மறந்தால் திறக்க ஒருவராலும் இயலாது. கேட்டுப் பெறத்தக்க நிறுவனம் இல்லை. உண்மைப் பூட்டு என்பதன் பொருளே அதுதான். பேழைகள் இருக்கும் தலைப்பகுதி வட்டின் ஒரு சிறு மூலையில், பொதுவாகப் பதினாறு மெகாபைட்டு அளவில் உள்ளது. அது கெட்டாலும் வட்டு முழுதும் கல்லாகிவிடும். ஆகையால் அத்தலைப்பகுதியைப் படியெடுத்து வேறொரு விரலியில் வைத்திருங்கள். கோப்புகளின் காப்புப்படியையும் பூட்டிய வெளிவட்டில் வைத்திருங்கள்.

மறதியினும் உறுதியானது இறப்பு. பூட்டிய பெட்டிக்குள்ளே செல்லரித்துப்போன சுவடிகளை எண்ணி நாம் இன்றும் வருந்துகிறோம். வைத்திருந்தவர் கெட்டவர் அல்லர்; காத்தார், கையளிக்கவில்லை. நாளை ஒரு புலவர் மறைய, அவர் தொகுத்த சொற்குவை திறக்கவொண்ணா வட்டில் கிடக்குமாயின், திருடன் செய்யும் கேட்டினும் அது பெரிது. இலக்சில் 32 பேழைகள் உண்டு என்றேனே. இரண்டாம் பேழையை அதற்கென்றே கொள்ளுங்கள். வேறு ஆறு சொற்களைக் கவறுருட்டி எடுத்து அப்பேழைக்கு இடுங்கள். தாளில் தெளிவாக எழுதி, எந்தக் கணினி, எந்த இயங்குதளம், விண்டோசின் 48 இலக்கம் எவை, தலைப்பகுதிப் படி எந்த விரலியில் என்பனவற்றையும் குறித்து உறையில் இட்டு, மகளிடமோ மாணாக்கரிடமோ ஒப்படையுங்கள். உறையை ஒட்டுமுன், கணினியை முற்ற அணைத்துவிட்டு, அத்தாளைப் பார்த்து அவரையே அடிக்கச் சொல்லி ஒருமுறை திறந்து பாருங்கள். ழகரம் எந்த எழுத்து என்று அவர் வினவினால் அதனையும் தாளில் எழுதிவிட்டுப் பிறகு ஒட்டுங்கள்.